கயாக் ஓடும் பிள்ளைக்குக் ‘கார்ட்’ கிடைத்தால் என்ன கிடைக்கும்?

போன கோடையில் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் தெரிந்த அக்கா ஒருவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “இவள் கயாக் ஓடுறாள் எல்லே, வாற வருசம் கார்ட் கிடைக்கலாமாம் எண்டு கோச் சொல்லுறார். அதென்ன தம்பி கார்ட்? கொண்டுபோய்க் கடையில காட்டினா ஏதும் கழிவு தருவாங்களோ?”

‘இவள்’ என்றது அவருடைய மகளை. கயாக் என்பது ஒடுங்கிய ஒரு துடுப்புப் படகு. சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. கனடாவில் விளையாட்டு உலகத்தில் இருப்பவர்கள் வாயைத் திறந்தால் ‘கார்ட்’, ‘கார்டிங்’ என்பார்கள். கையில் பிடிக்கிற அட்டை எதுவும் அதில் கிடையாது. மத்திய அரசின் விளையாட்டு வீரர் உதவித் திட்டத்தில் ஒருவருடைய பெயர் ஏறியிருந்தால் அவருக்குக் கார்ட் இருக்கிறது என்று சொல்வார்கள். கனடிய மரபுரிமைத் திணைக்களத்தின் கீழ் வரும் ஸ்போர்ட் கனடா என்ற பிரிவு இதை நடத்துகிறது. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து ஏறக்குறைய 1,900 பேர் இதில் இருக்கிறார்கள். காசு விளையாட்டுச் சங்கத்தின் கை வழியாகப் போகாமல் நேரே வீரருக்கு வருகிறது.

எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற எதுவும் காதில் ஏறாது. சீனியர் கார்ட் உள்ளவருக்கு மாதம் 2,175 டொலர். வளர்ந்து வரும் இளம் வீரர்களுக்கான வளர்நிலைக் கார்ட் உள்ளவருக்கு மாதம் 1,305 டொலர். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் கூட்டிய பிறகு வந்த தொகை இது. அதற்கு முன் 1,765, 1,060 என்று இருந்தது. இன்னும் பின்னால் போனால், 2004 முதல் 2017 வரை சீனியருக்கு 1,500 டொலர்தான். பதின்மூன்று வருடம் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போக, இந்தத் தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

2,175 டொலரை 12 ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 26,100. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலர் ஆனது, அந்தக் கணக்கில் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு வருடம் 36,600 டொலருக்குக் கிட்ட வரும். உலகத்தின் முதல் எட்டுப் பேரில் ஒருவராகத் துடுப்புப் போடுகிறவருக்கு, ரிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பி ஊற்றுகிறவரை விட வருடத்துக்குப் பத்தாயிரம் டொலர் குறைவு. அரசாங்கம் இதைச் சம்பளம் என்று சொல்வதே இல்லை, வாழ்க்கைச் செலவுக்கும் பயிற்சிக்குமான உதவித்தொகை என்றுதான் சொல்கிறது. வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது ‘பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது’ என்று நினைத்துப் பேசக்கூடாது.

சரி, பகுதி நேரமாக ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு கயாக் ஓடினால் என்ன? ஸ்பிரின்ட் கயாக் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் விளங்கும். அலையில்லாத தண்ணீரில், ஒன்பது தடங்களில், நேர்கோட்டில் நடக்கும் ஓட்டம் இது. கயாக்கில் முன்னோக்கி இருந்து, இரண்டு பக்கமும் தகடு உள்ள துடுப்பைப் போடவேண்டும். கனூவில் ஒரு காலை மண்டியிட்டு, ஒற்றைத் தகடு. இரண்டையும் ஒரே சங்கம்தான் பார்க்கிறது: ஒட்டாவாவில் இருக்கும் கனூ கயாக் கனடா. தனியாள் கயாக்கான கே1 அதிகபட்சம் 5.20 மீற்றர் நீளம், குறைந்தது 12 கிலோ நிறை. எங்கள் ஊர் வள்ளத்தில் ஏறிப் பழகியவர் இதில் ஏறினால் அடுத்த நொடி தண்ணீருக்குள் இருப்பார், அவ்வளவு ஒடுக்கம். ஒலிம்பிக்கில் ஆண்களின் கே1 1000 மீற்றர், மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெண்களின் கே1 500 மீற்றருக்கு இரண்டு நிமிடமும் வேண்டாம்.

அந்த இரண்டு நிமிடத்துக்காக நாளுக்கு இரண்டு, சில நாள் மூன்று பயிற்சி. தண்ணீரில் ஒன்று, எடை தூக்குமிடத்தில் ஒன்று, ஓட்டமோ நீச்சலோ இன்னொன்று. கனடாவில் இன்னொரு சிக்கல், ஏரி உறைந்துவிடும். மாதக்கணக்கில் துடுப்பு இயந்திரத்தில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு வலிக்கவேண்டும், இல்லாவிட்டால் புளோரிடா போன்ற சூடான இடத்துக்கு முகாமுக்குப் போகவேண்டும். வசந்தத்தில் தேர்வு ஓட்டங்கள், பிறகு ஐரோப்பாவில் உலகக் கிண்ணப் போட்டிகள், பெரும்பாலும் ஓகஸ்டில் உலகச் சம்பியன்ஷிப். இப்படி ஒரு வருடத்தை எந்த முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டி லீவு கேட்பது?

இனி, கார்ட் எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு வருவோம். அக்கா கேட்ட இரண்டாவது கேள்வி, “ஃபோர்ம் எங்க எடுக்கிறது?” நீங்களாக விண்ணப்பித்து இதை வாங்க முடியாது. சங்கம் உங்கள் பெயரைப் பரிந்துரைக்கவேண்டும், ஸ்போர்ட் கனடா அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை கார்ட் என்று ஓர் அளவு உண்டு. எந்தப் போட்டியில் என்ன இடம், என்ன நேரம் எடுத்தால் பரிந்துரைப்போம் என்ற அளவுகோலைச் சங்கம் முன்கூட்டியே வெளியிடுகிறது. அந்த ஆவணத்தை யாரும் வாசிப்பதில்லை. பருவம் முடிந்த பிறகு, ‘என் பிள்ளை நாலாவது வந்தாளே, ஏன் கிடைக்கவில்லை’ என்று கேட்கும்போதுதான் தேடி எடுக்கிறார்கள்.

சீனியர் கார்டுக்குள் வகைகள் உண்டு. ஒலிம்பிக்கிலோ உலகச் சம்பியன்ஷிப்பிலோ முதல் எட்டு இடத்துக்குள் வரவேண்டும், அதோடு போட்டியிட்டவர்களில் மேல் பாதிக்குள்ளும் இருக்கவேண்டும். அப்படி வந்தால் எஸ்ஆர்1. அது அடுத்த வருடத்துக்கு எஸ்ஆர்2 ஆகத் தொடரலாம், ஆனால் தானாகத் தொடராது. பயிற்சியை ஒழுங்காகச் செய்து, சங்கம் திரும்பவும் பரிந்துரைத்தால்தான். அந்த ‘மேல் பாதி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முப்பது பேர் ஓடும் கே1 இல் எட்டாவது வந்தால் பிரச்சினை இல்லை. பத்து வள்ளம் மட்டுமே வரும் கே4 இல் எட்டாவது வந்தால் போதாது, ஐந்தாவதுக்குள் வரவேண்டும். நாலு பேர் சேர்ந்து ஓடும் படகில் இந்தக் கணக்கு நாலு பேருடைய வாடகையையும் தொடுகிறது.

உலக அளவில் அந்த இடம் எட்டாதவர்களுக்குத் தேசிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதன்படி வருவது எஸ்ஆர் கார்ட். அந்த அளவுகோலை முதன்முறை எட்டுகிறவருக்குக் கிடைப்பது சி1. பெயர் சீனியர் வகை என்றாலும் தொகை வளர்நிலைத் தொகைதான், 1,305. இந்த விளையாட்டில் தனியாள் கனூவுக்கும் சி1 என்றுதான் பெயர். ஆகவே ‘அவனுக்கு சி1’ என்று யாராவது சொன்னால், படகா கார்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருப்பது வளர்நிலைக் கார்ட். இப்போதைக்குச் சீனியர் தரத்தில் இல்லை, ஆனால் வருவார் என்று தெரிகிறது என்ற இளம் வீரர்களுக்கானது. சீனியரில் சில வருடம் இருந்தவர் இறங்கி வந்து இதை வாங்குவது சாதாரணமாக நடக்காது.

எந்த ஓட்டத்தில் இடம் எடுத்தோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒருவருடைய கதையைச் சொல்லலாம். ஓக்வில்லில் பேர்லோக் கனூ கழகத்தில் வளர்ந்த அடம் வான் கூவர்டன், 2004 ஏதென்ஸில் கே1 500 மீற்றரில் தங்கம் வென்றார், 1000 மீற்றரில் வெண்கலம். நாலு வருடம் கழித்து பெய்ஜிங்கில் 500 இல் வெள்ளி. அதற்குப் பிறகு ஆண்களின் 500 மீற்றர் ஓட்டத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டு 200 ஐக் கொண்டுவந்தார்கள். அவர் 1000 க்கு மாறி, 2012 லண்டனில் வெள்ளி எடுத்தார். அதே லண்டனில் புதிதாக வந்த 200 இல் கனடாவின் மார்க் டி யோங் வெண்கலம் வென்றார். அந்த 200 உம் தோக்கியோவோடு போய்விட்டது. கார்ட் ஒலிம்பிக் பட்டியலைப் பின்தொடர்கிறது. பாரிஸ் 2024 இல் கயாக்குக்கு ஆறு பதக்க ஓட்டங்கள் இருந்தன: ஆண்களுக்கு கே1 1000, பெண்களுக்கு கே1 500, இரு பாலாருக்கும் கே2 500, கே4 500. இதற்கு வெளியே ஒரு தூரத்தில் பிள்ளை நாட்டிலேயே முதலாவதாக இருந்தாலும், எஸ்ஆர்1 கணக்குக்கு அது உதவாது. பிள்ளைக்கு எந்தத் தூரம் என்று பயிற்றுநர் முடிவெடுக்கும் நாளில் பெற்றோரும் பக்கத்தில் இருப்பது நல்லது.

வான் கூவர்டன் 2019 இல் மில்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். 2025 மே மாதத்திலிருந்து விளையாட்டுக்குப் பொறுப்பான இராஜாங்கச் செயலாளர் அவர்தான். கயாக்கில் இருந்து எழும்பி வந்து, அந்தக் காசு எந்தத் துறையிலிருந்து வருகிறதோ அதற்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருக்கிறார். அதனால் தொகை கூடுமா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

மாதக் காசைத் தவிர, தமிழ்ப் பெற்றோருக்கு உண்மையில் முக்கியமானது படிப்புக் காசு. கார்ட் இருக்கும்போது பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ படித்தால், ஒரு கார்ட் சுற்றுக்கு, அதாவது வழக்கமாக ஒரு வருடத்துக்கு, 5,500 டொலர் வரை கல்விக் கட்டணம் கிடைக்கும். பயிற்சியால் இப்போது படிக்க முடியாதவர், தகுதி இருந்தால், அந்த உரிமையைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்தவும் வழி இருக்கிறது. இருபத்தெட்டு வயதில் துடுப்பைக் கீழே வைக்கும் ஒருவருக்கு இது பெரிய விஷயம். கயாக் ஓடினால் படிப்புப் போய்விடும் என்று பயப்படுகிற வீட்டில் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிள்ளை உள்ள வீரருக்கும், பயிற்சிக்காக ஊர் மாறுகிறவருக்கும், ஓய்வு பெறுகிறவருக்கும் தனி உதவிகள் உண்டு. அவற்றைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும், தானாக வராது.

காசு வாங்கினால் கடமையும் உண்டு. சங்கத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டும். அதை மூன்று முறை வாசியுங்கள். ஒத்துக்கொண்ட பயிற்சித் திட்டம், அணி உடை, விளம்பரதாரர் எல்லாம் அதில்தான் இருக்கும். ஊக்கமருந்துக்கு எதிரான பாடத்தை இணையத்தில் முடிக்கவேண்டும். அரசாங்கம் கேட்டால் வருடத்தில் ஓரிரு நாள் பள்ளிக்கூடம், விழா என்று போகவேண்டி வரலாம். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் பெயர் ஏறினால், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறவிட்டால், மருந்து தொடாதவருக்கும் அது குற்றம்தான். கலியாண வீட்டுக்கு மொன்றியல் போகும் அவசரத்தில் அதை மாற்ற மறந்தால் ‘சொந்தக்காரர் வீட்டில் நின்றேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

தோள்பட்டை போனால்? கயாக்காரருக்குத் தோளும் முதுகும்தான் முதலில் போகும். உடல்நலக் காரணத்தால் மட்டுமே அந்த வருடத்தின் அளவுகோலை எட்டவில்லை என்றால், அடுத்த சுற்றுக்கும் பரிந்துரைக்க விதியில் இடம் இருக்கிறது. கர்ப்பத்துக்கும் அப்படித்தான். ஆனால் மருத்துவரின் கடிதமும், திரும்பி வருவதற்கான திட்டமும் வேண்டும். காயம் பட்டதை ஒளித்து வைத்துவிட்டு, தேர்வு ஓட்டத்தில் தோற்ற பிறகு சொன்னால் எடுபடாது. காயம் பட்ட கிழமையே சங்கத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

பரிந்துரை கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். முதலில் சங்கத்துக்குள், அங்கே தீராவிட்டால் கனடா விளையாட்டுப் பிணக்குத் தீர்வு மையத்துக்கு. அதற்கு நாள் கணக்கு உண்டு. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் தவணை போய்விடும்.

கார்ட் மட்டும் போதாது என்பதால் எல்லாரும் வேறு இடங்களிலும் காசு தேடுகிறார்கள். ஒன்ராறியோவில் ‘குவெஸ்ட் ஃபோர் கோல்ட்’ என்ற மாகாணத் திட்டம் உண்டு. கார்ட் எட்டாத பிள்ளைகள் முதலில் தட்டவேண்டிய கதவு அதுதான். ‘கேன் ஃபண்ட்’ என்ற தொண்டு அமைப்பு வீரர்களுக்கு நேரே காசு தருகிறது. ஒலிம்பிக்கில் பதக்கம் எடுத்தால் கனடிய ஒலிம்பிக் குழு தங்கத்துக்கு 20,000, வெள்ளிக்கு 15,000, வெண்கலத்துக்கு 10,000 டொலர் கொடுக்கிறது. அந்தக் கடைசிக் காசை நம்பி வீட்டுக் கணக்குப் போடவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, புதிதாக வந்த குடும்பங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. கார்டுக்குக் கனடாவில் சட்டபூர்வ நிலை மட்டும் போதாது, சர்வதேச விதிப்படி கனடாவுக்காக ஓடத் தகுதியும் வேண்டும். ஒலிம்பிக்குக்கு நிரந்தர வதிவிடம் காணாது, குடியுரிமை கட்டாயம். 2028 லொஸ் ஏஞ்சலஸை மனதில் வைத்திருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், துடுப்பு வாங்குவதற்கு முன் குடியுரிமை விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அக்காவுக்கு இதையும் சொன்னேன். “அது பிரச்சினை இல்ல தம்பி, இவள் இஞ்ச பிறந்தவள்” என்றார். பிறகு கைபேசியை நீட்டி, அந்த அளவுகோல் ஆவணத்தை இப்போதே இறக்கித் தரச் சொன்னார்.