மிஞ்சின கூழைக் கொதிக்க வைத்தால் நஞ்சு போகாது

மாரி தொடங்கினால் எச் 544 என்ற நோய் அறிவிப்புப் படிவங்களும் வரத் தொடங்கும். உணவு நஞ்சானது என்று ஆஸ்பத்திரியில் பதிந்தால் அந்தப் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வந்து, என்னைப் போன்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் சேரும், நாங்கள் வீடு தேடிப் போவோம். இந்தக் கிழமையும் உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். அதே கதைதான். மழைக்கு இதமாக இரவு பெரிய சட்டியில் ஒடியல் மாவும் மரவள்ளியும் நண்டும் இறாலும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சி, மிஞ்சியதை அடுப்பிலேயே மூடி வைத்து, விடிய கொதிக்கவிட்டுப் பிள்ளைகளுக்கும் அம்மம்மாவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். பத்து மணிக்குள் எல்லோருக்கும் சத்தி.

"நல்லாக் கொதிக்க வச்சுத்தானே தம்பி குடுத்தனான்!"

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன், தயவுசெய்து வாசியுங்கள். அரிசி, மரவள்ளி, மா சேர்ந்த சமையலில் பசிலஸ் சீரியஸ் என்றொரு கிருமி இருக்கும். சமைக்கும்போது கிருமி செத்தாலும், விதை மாதிரிக் கிடக்கும் அதன் வித்திகள் சாவதில்லை. சட்டி மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விட்டுவைக்கும். விடிய நீங்கள் கொதிக்கவிடும்போது கிருமி சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். 121 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தாலும் அழியாத நஞ்சு அது, உங்கள் அடுப்புக் கொதி 100 பாகைதான். பாம்பை அடித்துக் கொன்றால் ஏறிய விஷம் இறங்கிவிடுமா? மணத்திலும் ருசியிலும் ஒரு மாற்றமும் தெரியாது, அதனால் "மணந்து பார்த்தனான்" என்பதும் சாட்சியாகாது.

இன்னொன்று, "மழைக் குளிர்தானே, பழுதாகாது" என்பது. திருகோணமலையில் மார்கழி இரவிலும் 24, 25 பாகை இருக்கும். கிருமி பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில். அதிலும் கூழ் தடிப்பானது, சூடு லேசில் வெளியேறாது. அந்த வீட்டு அக்கா "விடியவும் நடுவில வெதுவெதுப்பாத்தான் இருந்தது, அகப்பையை விட்டுப் பார்த்தனான்" என்று நல்ல செய்தி போலச் சொன்னார். அந்த வெதுவெதுப்புத்தான் வில்லங்கமே. கோழி சூப், ஆட்டெலும்பு ரசம், இலைக்கஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

மீன் வேறு விஷயம். சூரை வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும், அதுவும் கொதித்துப் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்தால் "சூரை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பலருக்கு அது ஒவ்வாமையே இல்லை, ஐஸ் போடாத மீன். ஐஸுக்குள் கிடக்கும் மீனை வாங்குங்கள், சந்தையிலிருந்து நேரே வீட்டுக்குப் போங்கள்.

சரி, என்ன செய்வது? அந்த இரவுக்கு அளவாகக் காய்ச்சுங்கள். காய்ச்சி இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடியுங்கள். மிஞ்சினால் அகலமான சின்னப் பாத்திரங்களில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கி ஆறவிட்டு பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் ஒரே தரம்தான் சூடாக்கலாம், மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். பிரிட்ஜ் இல்லையா, இரவு முழுக்கக் கரண்ட் இல்லையா, கொட்டிவிடுங்கள். நண்டும் இறாலும் விற்கிற விலையில் மனம் வராது, தெரியும். ஆனாலும் கொட்டுங்கள். மரவள்ளி நீலம் பாய்ந்திருந்தால் போடவே வேண்டாம், நல்ல கிழங்கையும் மூடாமல் அவியுங்கள்.

மழை பின்னேரத்துக்கு கட்லட், ரோல்ஸ் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையில் புண்ணோ கட்டியோ இருந்தால் உள்ளீட்டைப் பிசையாதீர்கள், வீட்டில் வேறு யாராவது பிசையட்டும். காலையில் பிசைந்ததைப் பின்னேரம்வரை குசினியில் வைத்துப் பொரிப்பதும் கூடாது. புண்ணிலிருந்து உள்ளீட்டுக்குப் போகும் கிருமியின் நஞ்சும் எண்ணெய்ச் சூட்டுக்கு அடங்காது.

சத்தியோ வயிற்றோட்டமோ தொடங்கினால் ஒரு ஜீவனி (உடம்பில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள், 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திராதீர்கள். சின்னப் பிள்ளை, வயதானவர், கர்ப்பிணி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அப்புறம் ஒரு கெஞ்சல்: நாங்கள் வருமுன் வெட்கத்தில் சட்டியைக் கழுவி வைத்துவிடாதீர்கள், மிஞ்சியதில் ஒரு அகப்பையாவது மூடி பிரிட்ஜில் வையுங்கள், யாரும் உங்களைக் குற்றம் பிடிக்க வரவில்லை, எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அது வேண்டும்.