உடைந்த சில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

முதுநகரிலிருந்து வந்த அந்த அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். உள்ளே சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு பீங்கான் சில்லு. நண்டுக் காலைக் கடித்தபோது முன்பல் பிரிட்ஜிலிருந்து (இழந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் செயற்கைப் பல் வரிசை) பெயர்ந்துவிட்டதாம்.

"ஜிர்கோனியா உடையவே உடையாதுன்னுதான் சொல்லிக் கட்டினாங்க டாக்டர். இப்ப மொத்தத்தையும் கழட்டணும்னு ஒரு இடத்துல சொல்றாங்க. அவ்வளவு பணத்துக்கு எங்க போவேன்?"

உள்ளே இருந்த ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பொருள் உடையவில்லை. ஜிர்கோனியா கேப் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுக்க அதே பொருளால் ஆனது. மற்றதில் உள்கூடு மட்டும் ஜிர்கோனியா. பல் போன்ற நிறமும் பளபளப்பும் வருவதற்காக அதன்மேல் பீங்கானை அடுக்கிச் சுடுவார்கள். உள்கூட்டின் வலிமை 900 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும், மேல் பீங்கானுக்குச் சுமார் 100தான். ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அதனால் லேப் உலையிலிருந்து எடுத்தபின் அவசரமாக ஆறவிட்டால் பீங்கானுக்குள் இறுக்கம் தங்கிவிடும். நண்டுக்கால் கடைசிக் காரணம் மட்டுமே.

இப்படி மேல் பீங்கான் மட்டும் பெயர்ந்தால், கழற்றாமலே அந்த இடத்தை ஒட்டிச் சரிசெய்யப் பார்க்கலாம். ஆனால் ஒட்டுவதில்தான் பல் மருத்துவர்கள் பலரும் தவறுகிறோம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் தவறியிருக்கிறேன். பீங்கானில் கண்ணாடித் தன்மை உண்டு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதை அரித்து நுண்ணிய பள்ளங்களை உண்டாக்கும், பிறகு சைலேன் என்ற இணைப்புத் திரவத்தைத் தடவினால் பசை பிடித்துக்கொள்ளும். ஜிர்கோனியாவில் அந்தக் கண்ணாடி இல்லை. அமிலத்துக்கு அங்கே வேலையே கிடையாது. இது புரியாமல் ஒருவருக்கு இரண்டையும் ஒரே மாதிரி நடத்தி கம்போசிட் (பல் நிறப் பிசின்) வைத்தேன். சில வாரங்களில் பெயர்ந்த துண்டோடு திரும்பி வந்தார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

ஜிர்கோனியாவுக்கு வேறு வழி. 50 மைக்ரான் அலுமினாத் துகளைக் குறைந்த அழுத்தத்தில் பீய்ச்சிப் பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமர், அதாவது பசைக்கு முன் தடவும் திரவம். அந்த மூலக்கூறின் ஒரு முனையிலுள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவைப் பற்றும், மறுமுனை ரெசின் (பிசின்) பசையோடு சேரும். எச்சில் பட்டால் காரியம் கெட்டது: எச்சிலிலும் பாஸ்பேட் இருக்கிறது, அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். சுத்தம் செய்வதாக நினைத்து பாஸ்பாரிக் அமிலம் தடவினாலும் இதே கதிதான். வாயில் ரப்பர் ஷீட் மாட்டும்போது மூச்சு முட்டுகிறது என்று சிலர் பிடுங்கச் சொல்வார்கள். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டு நிற்பதற்கும் அமிலம் ஈறில் பட்டுப் புண்ணாகாமல் இருப்பதற்கும் அந்த ஷீட்தான் காவல்.

அந்த அம்மாவின் சில்லு ஓரத்தில் நொறுங்கியிருந்ததால் சரியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் நிறம் பார்க்க அது உதவியது. உடைந்த விளிம்பை நேர்த்தியாக்கி அளவெடுத்து, வெனீர் எனப்படும் மெல்லிய பீங்கான் மேல்தகடு செய்துவரச் சொன்னோம். வெனீரின் உட்பக்கத்துக்கு அமிலமும் சைலேனும், வாயில் தெரிந்த ஜிர்கோனியாவுக்குத் துகளும் பிரைமரும். ஒட்டியபின் கடிபடும் இடங்களைச் சரிபார்ப்பதில்தான் அதிக நேரம் போனது. மேடு ஒன்று மிச்சமிருந்தாலும் அதே இடத்தில் மறுபடி உடையும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. உள்கூட்டிலேயே விரிசல் இருந்தாலோ, அடியில் பல் சொத்தையானாலோ, பிரிட்ஜ் ஆடினாலோ கழற்றித்தான் ஆக வேண்டும். சில்லு பெயர்ந்தால் அதைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் விற்கும் உடனடிப் பசையால் வீட்டிலேயே ஒட்டிவிடாதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பொருந்தும் விளிம்பே போய்விடும். கேப் கட்டியபோது கொடுத்த லேப் கார்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். உள்ளே இருப்பது உலோகமா ஜிர்கோனியாவா என்று தெரிந்தால்தான் எந்தப் பிரைமரை எடுப்பது என்று நாங்கள் முடிவு செய்ய முடியும்.