இடுக்கில் வாழும் பூச்சியும் அதன் மடிப்பிறகும்

குளியலறை ஓரத்திலும் பூந்தொட்டிகளின் அடியிலும் வாலில் இடுக்கியுடன் ஓடும், ஆங்கிலத்தில் ‘இயர்விக்’ (earwig) எனப்படும் பழுப்பு நிறப் பூச்சியைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அது காதுக்குள் புகுந்து மூளையைத் துளைக்குமா, அதை ஒழிக்க எந்த மருந்தைத் தெளிக்கலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை எளிது: துளைக்காது. தூங்குபவரின் காதில் எந்தச் சிறு பூச்சியும் தற்செயலாக நுழையக்கூடும் என்றாலும், இந்தப் பூச்சி காதைத் தேடி வருவதில்லை. செவிப்பறையைக் கடந்து மூளையை எட்டுவதற்கான வழியோ கருவியோ அதனிடம் இல்லை. கையில் பிடித்து அழுத்தினால் வால் இடுக்கியால் கிள்ளும், அவ்வளவுதான். அதில் நஞ்சு கிடையாது. நூற்றாண்டுகளாக நிலவும் இந்த அச்சத்தைப் போக்க ஒருமுறை அப்பூச்சியைக் கூர்ந்து பார்த்தாலே போதும். ஆனால் அஞ்சுகிறவர் கூர்ந்து பார்ப்பதில்லை என்பதால்தான் மூடநம்பிக்கைகளுக்கு ஆயுள் அதிகம்.

டெர்மாப்டெரா என்னும் வரிசையைச் சேர்ந்த இப்பூச்சிகளில் ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை பகலில் ஈரமான இடுக்குகளில் பதுங்கி, இரவில் வெளிவந்து, மட்கும் இலை, பாசி, இளநாற்று, பூவிதழ், செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி எனக் கிடைப்பதை உண்கின்றன. முதுகும் வயிறும் ஒரே நேரத்தில் எதிலாவது உரசும் அளவுக்குக் குறுகிய இடமே அவற்றுக்குப் பாதுகாப்பான இடம். அத்தகைய இடுக்கில்தான் தாய்ப்பூச்சி முட்டைகளைக் காத்து, அவற்றில் பூஞ்சை பிடிக்காதபடி நக்கித் துடைத்துக்கொண்டு கிடக்கிறது.

இடுக்கில் வாழும் உயிருக்குப் பெரிய இறகுகள் இடையூறு. பறப்பதற்கோ பெரிய இறகுகள் தேவை. இந்த முரண்பாட்டை அது தீர்த்துக்கொண்ட விதம்தான் என்னை இப்பூச்சியின் பக்கம் இழுத்தது. முதுகில் தோல்போன்ற குட்டையான இரு முன்னிறகுகள் தெரியும். பறக்கக்கூடிய இனங்களில் அவற்றின் அடியில் கண்ணாடித்தாளாய் மெல்லிய பின்னிறகுகள் மறைந்திருக்கும். விரிந்தால் அவற்றின் பரப்பு மடிந்த நிலையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஒரு புள்ளியிலிருந்து கதிர்களாகப் பிரியும் நரம்புகளை ஒட்டி இறகு முதலில் நெடுக்காக மடிந்து, பிறகு குறுக்காகவும் மடிந்து, அந்தச் சின்னஞ்சிறு மூடிக்குள் அடங்குகிறது.

இதே மடிப்புக் கோடுகளைத் தாளில் வரைந்து மடித்துப் பார்த்தால் மடியாது. மடிப்புகள் சந்திக்கும் புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டும்போது 180 பாகை வந்தால்தான் தாள் தட்டையாக மடியும். இந்த இறகின் நடுமூட்டில் அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் இதற்கான விளக்கத்தை வெளியிட்டனர். இறகின் மடிப்புகள் வெறும் கோடுகள் அல்ல, ரெசிலின் என்னும் மீள்தன்மை மிக்க புரதத்தால் ஆன நுண்ணிய வில்கள். தாள் செய்ய முடியாததை, அதாவது மடியும்போதே சற்று நீண்டுகொடுப்பதை, அவை செய்கின்றன. அதன் விளைவாக நடுமூட்டுக்கு நிலையான நிலைகள் இரண்டே: முழுவதும் விரிந்தது, முழுவதும் மடிந்தது. கூந்தலில் குத்தும் டிக்டாக் கிளிப் பாதியில் நிற்காமல் ஏதேனும் ஒரு பக்கம் ‘டக்’கென்று சாய்வதைப் போலவே, இறகும் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் பூட்டிக்கொள்கிறது. விரிந்த இறகை விறைப்பாக வைத்திருக்கத் தசைகள் உழைக்க வேண்டியதில்லை. பூட்டு விடுபட்டதும் வில்களின் விசையே இறகை மடித்துவிடுகிறது. சில இனங்கள் வால் இடுக்கியை வளைத்து இறகை விரிக்கவும் ஒழுங்குபடுத்தவும் செய்கின்றன.

ஆய்வாளர்கள் இந்தத் தத்துவத்தைக் கொண்டு, பொருளைப் பற்றிய பின் வெளி ஆற்றல் இல்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும் கருவியொன்றை அச்சிட்டுக் காட்டினர். மடித்து ஏவப்படும் விண்வெளி அமைப்புகளுக்கும் இது உதவக்கூடும். பூச்சியின் இறகை ஆராய்வதற்குப் பொதுப்பணம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் முன்கூட்டியே தெரிந்த ஆய்வுக்கு மட்டுமே பணம் என்றால், இந்த மூட்டு எவர் கண்ணிலும் பட்டிருக்காது என்பது என் கருத்து.

இனி இரண்டாவது கேள்வி. இடுக்கும் ஈரமும்தான் இதன் வாழ்வு என்பதால், அவ்விரண்டையும் நீக்குவதே மருந்தைவிடப் பயனுள்ளது. உலர்ந்த வீட்டுக்குள் இது பொதுவாகப் பெருகுவதில்லை. உள்ளே தெரிபவை வெளியிலிருந்து வந்தவை. ஆகவே அறைக்குள் தெளிக்கும் மருந்து அன்றைக்குத் தெரிந்தவற்றைக் கொல்லுமே தவிர, மறுநாள் வருபவற்றைத் தடுக்காது. கதவின் அடி இடைவெளியையும் குழாய் நுழையும் துளைகளையும் அடைத்து, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, சுவரை ஒட்டிய சருகு, மூடாக்கு, விறகு, ஈரமான அட்டைகளை அகற்ற வேண்டும். செடிகளுக்கு மாலைக்குப் பதிலாகக் காலையில் நீர் ஊற்றினால் இரவுக்குள் மேல்மண் காய்ந்துவிடும்.

அதன் இடுக்குப் பித்தே அதற்குப் பொறியாகவும் அமையும். நாளிதழைச் சுருட்டி, லேசாக நனைத்து, மாலையில் செடியடியில் வைத்தால், விடிவதற்குள் பூச்சிகள் அதற்குள் அடைந்திருக்கும். காலையில் சோப்பு நீர் உள்ள வாளியில் உதறிவிடலாம். நாற்றுகளும் பூக்களும் கடிபடும் இடத்தில் மட்டும் இதைச் செய்தால் போதும். அசுவினி மொய்த்த ஆப்பிள் மரம் இருந்தால், அந்தச் சுருளைச் சோப்பு நீருக்குக் கொண்டுபோகாமல் மரத்தடியில் உதறுவது நல்லது, ஏனெனில் அங்கே அசுவினியைத் தின்று தீர்ப்பது இந்தப் பூச்சிதான்.