ரெண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு பிஹெச்டி

போன வாரம் வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார். உடம்பு செயலிழந்தவங்களோட செக்ஸ் வாழ்க்கைக்கு உதவுற கருவிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ண பிஹெச்டி மாணவர்களுக்கு உதவித்தொகை எல்லாம் குடுக்கறாங்களாமே, இதுல கண்டுபிடிக்க அப்படி என்னதான் இருக்கு, வைப்ரேட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தா முடிஞ்சு போற விஷயத்துக்கு டாக்டர் பட்டமா, அந்தக் காசைக் கேன்சர் ஆராய்ச்சிக்குப் போடலாமேன்னு. சுருக்குன்னு ஒரு பதில் டைப் பண்ணிட்டு அழிச்சுட்டேன். ஏன்னா சில வருஷம் முன்னாடி வரைக்கும் எனக்கும் இதே நினைப்புதான். அதை மாத்தினது ஒரே ஒரு நம்பர், 2.5 மில்லிமீட்டர். அதுக்கு வர்றேன், ஆனா கொஞ்சம் சுத்திதான் வரணும்.

ஸ்கூல்ல படிச்சதை முதல்ல வேகமா ஓட்டிடறேன். மூளையிலேருந்து தண்டுவடம் கீழ இறங்குது, போற வழியில ஜோடி ஜோடியா நரம்பு பிரியுது. கழுத்துப் பகுதிக்கு சி, நெஞ்சுக்கு டி, இடுப்புக்கு எல், அதுக்கும் கீழ எஸ்னு எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர். விபத்துல டி6 கிட்ட தண்டுவடம் நசுங்கினா அதுக்குக் கீழ இருக்கற உடம்புக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை கட். இது எல்லாருக்கும் தெரியும். இதுலேருந்து எல்லாரும் எடுக்கற முடிவுதான் தப்பு: "அப்போ கீழ எல்லாம் செத்துப்போச்சு".

சாகல. டாக்டர் முழங்கால்ல சின்ன சுத்தியலால தட்டினா கால் எகிறுதே, அதுக்கு நீங்க மூளைகிட்ட பர்மிஷன் கேட்டீங்களா? சேதி தண்டுவடம் வரைக்கும் போச்சு, அங்கேயே பதில் ரெடியாச்சு, திரும்பி வந்துச்சு, அவ்ளோதான். விறைப்புக்கும் இந்த மாதிரி ஒரு லோக்கல் லைன் இருக்கு. மனசுல நினைச்சா வர்றது டி11லேருந்து எல்2 வரைக்கும் உள்ள பகுதி வழியா, தொட்டா வர்றது எஸ்2 எஸ்3 எஸ்4 வழியா. மேல அடிபட்டவங்களுக்கு முதல் வழி அடைஞ்சாலும் ரெண்டாவது வழி திறந்தேதான் கிடக்கும், அதனாலதான் சிறுநீர் குழாய் மாத்தும்போது எந்த ஆசையும் இல்லாம விறைப்பு வந்துடும், அந்த மனுஷனும் கூச்சப்படுவார் மாத்தறவங்களும் கூச்சப்படுவாங்க, முழங்கால் எகிறினா யாரும் வெக்கப்படறதில்ல, இதுக்கு மட்டும் ஏன்னு எனக்குப் புரியல.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம், இங்க கொஞ்சம் உக்காருவோம்.

விந்து வெளியேறுறது முழங்கால் மாதிரி ஒரே அடிக்கு ஒரே எகிறல் சமாச்சாரம் கிடையாது. முதல்ல விந்துக்குழாய், விந்துப்பை, புராஸ்டேட் எல்லாம் சுருங்கி சரக்கைக் கொண்டு வந்து சேர்க்கணும், சிறுநீர்ப்பையோட வாய் மூடிக்கணும், அப்புறம் இடுப்படித் தசைங்க தாளம் தப்பாம துடிச்சு வெளிய தள்ளணும். மேல டி11-எல்2 நரம்புங்க ஒரு வேலை, கீழ எஸ்2-எஸ்4 நரம்புங்க இன்னொரு வேலை, ரெண்டுக்கும் நடுவுல நேரம் தப்பக்கூடாது. மேளம் ஒருத்தர் நாதஸ்வரம் ஒருத்தர், ஆனா தாளம் போடறது யாரு? மூளைதான்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தாங்க.

2002ல ட்ரூயிட், கூலன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆண் எலிகள்ல ஒரு வேலை பண்ணாங்க. எலியோட இடுப்புப் பகுதி தண்டுவடத்துல, எல்3-எல்4 கிட்ட, ஒரு சின்னக் கொத்து நரம்பு செல்கள் இருக்கு. அந்த செல்களோட மேல்பரப்புல ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தை வாங்கிக்கற பூட்டு உண்டு, அதுக்குப் பொருந்தற சாவியில விஷத்தைத் தடவி அனுப்பினாங்க. மத்த செல்லெல்லாம் பெரும்பாலும் பத்திரமா இருக்க இந்தக் கொத்து மட்டும் காலி. அப்புறம் அந்த எலிங்களைப் பெண் எலிங்களோட விட்டாங்க. ஆசை இருந்துச்சு, ஏறிச்சு, சேர்ந்துச்சு, எல்லாம் வழக்கம் போல. விந்து மட்டும் வரவே இல்ல. அதாவது மொத்தக் கச்சேரிக்கும் தாளம் போட்டுக்கிட்டிருந்தது மூளைக்கு ரொம்பக் கீழ, இடுப்புல உக்காந்திருந்த அந்தக் கொத்துதான்! 2017ல மனுஷங்களுக்கும் எல்3லேருந்து எல்5க்குள்ள இதே மாதிரி கொத்து இருக்குன்னு ஒரு ஃபிரெஞ்சுக் குழு காட்டினாங்க, இறந்தவங்களோட தண்டுவடத்தை மெல்லிசா சீவிப் பாத்து, கூடவே அந்த இடத்துல அடிபட்ட ஆளுங்களோட விவரத்தையும் ஒப்பிட்டு.

இதை வச்சு யோசிச்சுப் பாருங்க, ஒரு விசித்திரம் வரும். தண்டுவடத்துல எவ்ளோ மேல அடிபடுதோ அவ்ளோ மோசம்னு நாம நினைக்கறோம், கைகால் விஷயத்துல அது சரிதான். ஆனா இந்த விஷயத்துல தலைகீழ். கழுத்துல அடிபட்டவருக்கு இடுப்புல இருக்கற தாளக்கார செல்லெல்லாம் சேதாரமில்லாம இருக்கும், ஹெட் ஆபீஸ் லைன் அறுந்துச்சே தவிர லோக்கல் எக்ஸ்சேஞ்ச் ஓடுது. மூளை சும்மா இருக்கும்போது இந்த அனிச்சைச் செயல் மேல ஒரு பிரேக் போட்டு வச்சிருக்கும், லைன் அறுந்ததும் அந்த பிரேக்கும் போயிடும். இடுப்புலயே அடிபட்டவருக்கோ எக்ஸ்சேஞ்சே இடிஞ்சு போச்சு. மியாமியில இதுக்குன்னே இயங்கற ஒரு மையம் 18 வருஷம், 500 ஆண்களைப் பாத்த அனுபவத்தை 2010ல வெளியிட்டாங்க. டி10 அல்லது அதுக்கு மேல அடிபட்டவங்கள்ல 86 சதவீதம் பேருக்கு ஆண்குறியில வச்ச வெறும் அதிர்வுலயே விந்து வந்திருக்கு. கை அசையாத, கழுத்துக்குக் கீழ ஒரு உணர்வும் இல்லாத ஆளும் இதுல அடக்கம்.

வெறும் அதிர்வுன்னேன்ல, அங்கதான் அந்த நம்பர். டென்மார்க்ல ஷோன்க்ஸன்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் 1994ல ஒரு எளிமையான கேள்வி கேட்டாங்க: அதிர்வுன்னா எவ்ளோ அதிர்வு? அதுவரைக்கும் கிடைச்ச மெஷினை வச்சு பாத்துட்டு சிலருக்கு வருது சிலருக்கு வரலன்னு விட்டுட்டிருந்தாங்க. இவங்க அளந்தாங்க. நொடிக்கு 100 தடவை அதிரணும், ஒவ்வொரு தடவையும் 2.5 மில்லிமீட்டர் தூரம் போய் வரணும். 1 மில்லிமீட்டர்ல தேறாத பல பேருக்கு 2.5ல வந்துச்சு. தோல் மேல லேசா உரசினா கொஞ்சம் நரம்பு முனைதான் எழும், ஆழமா தள்ளி இழுத்தா நிறைய முனைங்க ஒரே நேரத்துல கத்தும், அந்தக் கூச்சல்லதான் தாளக்காரர் முழிக்கறாரு.

சரி கடையில கிடைக்கற வைப்ரேட்டர் போதாதா? இதை நீங்களே பாத்துடலாம். ஃபோனை வைப்ரேட்ல போட்டு உள்ளங்கையில லூசா வச்சுக்கோங்க, யாரையாவது கூப்பிடச் சொல்லுங்க. நல்லா துடிக்கும். இப்ப அதை ரெண்டு கையாலயும் இறுக்கி தொடை மேல அழுத்துங்க. சத்தமும் துடிப்பும் அப்படியே அமுங்கும். பல ஃபோன்கள்ல உள்ள இருக்கறது ஒரு குட்டி மோட்டார், அச்சுல ஒரு பக்கமா சாஞ்ச எடை, அது சுத்தறப்ப மொத்த டப்பாவும் ஆடும். நீங்க அழுத்தறப்ப மோட்டார் ஆட்ட வேண்டிய சுமையில உங்க தொடையும் சேந்துடுச்சு, அதே பலம், அதிக சுமை, அசைவு சுருங்கிப் போச்சு. சாதாரண வைப்ரேட்டர்ல நிறைய இந்த ரகம்தான். காத்துல பிடிச்சா பிரமாதமா ஆடும், உடம்புல வச்சா படுத்துடும். அழுத்தினாலும் 2.5 குறையாம ஓடற மெஷின் வேணும்னா மோட்டார், நெம்புகோல், சூடு எல்லாத்தையும் திரும்ப யோசிக்கணும். ஃபெர்ட்டிகேர்னு மருத்துவத்துக்குன்னே ஒரு கருவி அப்படித்தான் வந்துச்சு. அதனால எத்தனையோ பேர் வீட்லயே விந்து எடுத்து, ஆபரேஷன் இல்லாம அப்பா ஆகியிருக்காங்க. விந்தணு எண்ணிக்கை நல்லாவே இருந்தாலும் நீந்தற வேகம் குறைவா இருக்கும், அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதறேன்.

படிச்சுட்டு யாரும் உடனே ஆர்டர் போட்டுடாதீங்க. டி6லயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு கீழேருந்து பலமா ஒரு தூண்டல் போனா ரத்தக்குழாய் எல்லாம் இறுகி பிரஷர் கிடுகிடுன்னு ஏறும். மூளைக்கு பிரஷர் ஏறுறது தெரியும், "நிறுத்து"ன்னு உத்தரவும் போடும், ஆனா உத்தரவு போற வழிதான் அறுந்து கிடக்கே. மண்டையைப் பிளக்கற தலைவலி, முகமெல்லாம் வேர்வை, கவனிக்காம விட்டா பக்கவாதம் வரைக்கும் போகலாம். அதனால முதல் தடவை டாக்டர் முன்னாடி, பிரஷர் பாத்துக்கிட்டேதான் செய்யணும். இந்த ஏற்றத்தை மெஷினே கண்டுபிடிச்சு தானா நின்னா எவ்ளோ நல்லாருக்கும், யாராவது பிஹெச்டி தலைப்பு தேடிக்கிட்டிருந்தா எடுத்துக்கோங்க.

இதுவரைக்கும் ஆம்பளை கதையாவே போயிடுச்சுன்னு நீங்க சொல்லலாம், நியாயம்தான், ஆராய்ச்சியும் ரொம்ப காலம் அப்படித்தான் போச்சு. விந்தை கப்புல பிடிச்சு அளக்கலாம், பொண்ணுங்களோட உச்சத்தை எதுல பிடிக்கறது? மார்கா சிப்ஸ்கின்னு ஒரு டாக்டரோட குழு 2001ல லேப்ல வச்சுப் பாத்தப்ப தண்டுவடம் அடிபட்ட பெண்கள்ல பாதிக்குக் கொஞ்சம் குறைவானவங்க உச்சம் அடைஞ்சாங்க, எஸ் நரம்புங்களோட அனிச்சை முழுசா அழிஞ்சவங்கள்ல அது 17 சதவீதம்தான். சுழியம் இல்லங்கறதுதான் முக்கியம். கோமிசருக், விப்பிள்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியைத் தேடினாங்க. வேகஸ்னு ஒரு நரம்பு, தண்டுவடம் பக்கமே எட்டிப் பாக்காம கழுத்து வழியா நேரா வயித்துக்குள்ள இறங்கி ஊர் சுத்தற நரம்பு. தண்டுவடம் முழுசா அறுந்த பெண்களை ஸ்கேனர்ல படுக்க வச்சு, கருப்பை வாயைத் தூண்டினப்ப வேகஸ் போய்ச் சேர்ற மூளைப் பகுதி விழிச்சுக்கிட்டதை 2004ல காட்டினாங்க. "உனக்கு உணர்ச்சியே வராது"ன்னு சொல்லப்பட்ட பெண்கள் அவங்க. ஊனம்னா போன ஜென்மத்துப் பாவம், இவங்களுக்கு ஆசையே இருக்கக்கூடாதுன்னு பேசறவங்களை விடுங்க, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டே அளக்காம "வராது"ன்னு சொல்றதும் எனக்கு மூடநம்பிக்கைதான்.

இப்ப காசு விஷயம். கேன்சருக்குப் போடலாமேன்னு கேட்டீங்க. 2004ல கிம் ஆண்டர்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்களும் தண்டுவடம் அடிபட்டவங்கதான், 681 பேர்கிட்ட உங்களுக்கு எது திரும்பக் கிடைச்சா வாழ்க்கை மாறும்னு கேட்டாங்க. கையும் காலும் போனவங்க முதல்ல கேட்டது கை. இடுப்புக்குக் கீழ மட்டும் போனவங்க முதல்ல கேட்டது என்ன தெரியுமா, நடக்கறது இல்ல, செக்ஸ். நாம ரோபோ கால் மாட்டி நடக்க வைக்கற வீடியோவுக்குக் கை தட்டிக்கிட்டிருக்கோம். ஐநாவோட 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம், 25வது பிரிவுல பாலியல் சுகாதாரத்தையும் பேர் சொல்லியே எழுதியிருக்கு. எழுதினதோட சரி.

இந்தத் துறைக்குப் பணம் கேக்கறது எப்பவும் கேலிக்கு நடுவுலதான். அமெரிக்காவுல புராக்ஸ்மையர்னு ஒரு செனட்டர் வீண் செலவுக்குன்னு ஒரு கிண்டல் விருது ஆரம்பிச்சு, 1975ல முதல் விருதே மனுஷங்க ஏன் காதல்ல விழறாங்கன்னு ஆராய 84,000 டாலர் குடுத்ததுக்காகத்தான். 2003ல அதே நாட்டு நாடாளுமன்றத்துல பாலியல் நடத்தை பத்தின சில ஆராய்ச்சிகளுக்கு ஒதுக்கின பணத்தைப் பறிக்க ஒரு தீர்மானம், ரெண்டே ஓட்டுல தோத்துச்சு, 212க்கு 210. ஒரு மாணவரோட நிலைமையை நினைச்சுப் பாருங்க: இன்ஜினியரிங் பக்கம் போனா இது மருத்துவம்பாங்க, மருத்துவம் பக்கம் போனா உயிர் போற விஷயமில்லயேம்பாங்க, கம்பெனிகிட்ட போனா வாங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் தனியா பேர் போட்டு ஒரு பிஹெச்டி இடம் ஒதுக்கறது, அது வீண் செலவுன்னு எனக்குத் தோணல, ஒரு பெரிய மருந்து சோதனைக்கு ஆகற காசுல இது டீக்காசு.

அந்த மாணவர் என்ன பண்ணுவார்னு கேட்டீங்கன்னா ஒரே ஒரு உதாரணம். கையைத் தளர விட்டு மணிக்கட்டைத் தொங்கப் போடுங்க, விரல் எல்லாம் விரியும். இப்ப விரலை எதுவும் பண்ணாம மணிக்கட்டை மட்டும் மேல தூக்குங்க, விரல் தானா மடங்கி, கட்டை விரல் ஆள்காட்டி விரல் பக்கத்துல வந்து ஒட்டும், தசைநார் இழுபடறதால. சி6ல அடிபட்டவருக்கு விரல் வேலை செய்யாது, மணிக்கட்டு தூக்க முடியும், அவர் ஸ்பூன் பிடிக்கறது இந்த ஒட்டல்லதான். அந்தப் பிடியில எத்தனை கிராம் நிக்கும், மெஷின் நொடிக்கு 100 தடவை ஆடும்போது எத்தனை நிமிஷம் நழுவாம நிக்கும், நழுவினா உதவிக்கு இன்னொருத்தரை ரூமுக்குள்ள கூப்பிடாம அவரே எப்படி எடுத்துக்கறது? அப்புறம் ஆன் பண்றதுக்கு மூணு செகண்ட் அழுத்திப் பிடிக்கணும்னு ஒரு பட்டன் வச்சிருக்கான் பாருங்க, அதை எந்த விரலால அழுத்துவார்?