முகர்ந்து பார்ப்பதும் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதும்

வைக்கோல் வாங்கப் போனால் என் பெரியப்பா முதலில் செய்கிற காரியம், ரோல் கட்டின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி உருவுவது. வெளியே தெரிவதை நம்ப மாட்டார். உருவியதை முகர்வார், முறுக்குவார். "குறுவை வைக்கோல்டா, நனைஞ்சு காஞ்சது" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மன்னார்குடி பக்கம் குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொள்வது புதிதல்ல. தை, மாசி வெயிலில் காய்ந்த சம்பா வைக்கோலின் நிறமும் வாசனையும் அதற்கு வராது.

ஆனால் புரதம் எத்தனை சதவீதம், மாட்டின் வயிற்றில் எவ்வளவு செரிக்கும் என்பதெல்லாம் மூக்குக்கு எட்டாத கணக்கு. அதற்கு ஆய்வகம் வேண்டும். புரதத்துக்கு இன்றும் பல ஆய்வகங்களில் 1883-இல் வந்த கெல்டால் முறைதான்: மாதிரியைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்குவார்கள். செரிமானத்தை அறிய, மாட்டின் அசையூண் இரைப்பையிலிருந்து எடுத்த நீரில் 48 மணி நேரம் ஊறவைப்பதும் உண்டு. முடிவு கைக்கு வருவதற்குள் மாடு அந்த வைக்கோலைத் தின்று முடித்திருக்கும்.

இந்த இடத்தில்தான் அண்மை அகச்சிவப்பு ஒளி உதவுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி, சுமார் 780 முதல் 2500 நானோமீட்டர் வரையான அலைநீளங்கள் இவை. காயவைத்து அரைத்த தூளை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு இந்த ஒளியைப் பாய்ச்சுவார்கள். எந்த அலைநீளம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று கருவி பார்த்து ஒரு வரைகோடாகத் தரும். ஓரிரு நிமிட வேலை. அமிலமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

ஒளியை உறிஞ்சுவது எது? மூலக்கூறுகளுக்குள் ஹைட்ரஜனோடு கார்பனும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்டிருக்கும் பிணைப்புகள். அவை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பவை. தஞ்சாவூர் வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேல் சுரங்களும் மெலிதாகக் கேட்கும் அல்லவா? இந்தப் பிணைப்புகளின் அடிப்படை அதிர்வு இன்னும் நீண்ட அலைகளில் இருக்கிறது. அண்மை அகச்சிவப்பில் விழுவது அந்த மேல் சுரங்களும், இரண்டு அதிர்வுகள் சேர்ந்த கலவைகளும்தான். மெலிதாக இருப்பதும் ஒரு வசதி: ஒளி முழுவதும் மேலேயே உறிஞ்சப்படாமல் தூளுக்குள் கொஞ்சம் போய்த் திரும்புகிறது.

தண்ணீர் 1450, 1940 நானோமீட்டர் பக்கம் ஆழமாக உறிஞ்சும். புரதம் 2180 பக்கம், கொழுப்பு 2310 பக்கம் தடம் காட்டும். படிக்க எளிதாகத் தெரிகிறது. நிஜத்தில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் பலூன்காரர் பீப்பியும் ஒன்றாகக் கேட்பதுபோல. பிரித்தெடுக்கக் கணிதம் தேவைப்பட்டது. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்ல் நோரிஸும் உடன் ஆய்வாளர்களும் தீவனத்துக்கு இது பயன்படும் என்று 1976-இல் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால், விஷயமே அந்தக் கணிதத்துக்குப் பின்னால் இருக்கும் மாதிரிகளில்தான் இருக்கிறது. கருவிக்குப் புரதம் என்றால் என்னவென்று தெரியாது. நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பழைய அமில முறையில் சோதித்து, அந்த விடைகளையும் ஒளி வரைகோடுகளையும் ஜோடி சேர்த்துக் கணினிக்குப் பழக்க வேண்டும். மக்காச்சோளத் தட்டையில் பழகிய கருவியிடம் டெல்டா வைக்கோலைக் கொடுத்தாலும் ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை நம்பித் தவிடு, புண்ணாக்கு அளவை மாற்றினால் பால் குறையும்.

நெல் வைக்கோல் உண்மையிலேயே தனிப்பிறவி. பல பயிர்களில் தண்டைவிட இலை நன்றாகச் செரிக்கும். நெல்லில் பெரும்பாலும் தலைகீழ். இலையில் மணற்சத்தான சிலிகா அதிகம். அந்தச் சிலிகாவை இந்த ஒளி நேராகப் பார்ப்பதில்லை, மற்ற சத்துகளோடு அது கூடிக்குறையும் விதத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். யூரியா தெளித்து ஊறவைத்த வைக்கோலுக்கும் அதற்கென்று மாதிரிகள் வேண்டும். கையடக்கக் கருவிகள் பலவும் 1700 நானோமீட்டரோடு நின்றுவிடுவதால் புரதத்தின் அந்த 2180 தடம் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. பச்சைத் தீவனம் என்றால் இன்னொரு தொல்லை: கோ-5 புல்லில் பெரும்பகுதி தண்ணீர், அதன் சத்தத்தில் மற்றதெல்லாம் அமுங்கிவிடும். அதனால்தான் காயவைப்பது. பூஞ்சை நஞ்சு போன்ற நுண்ணிய அளவுகளும் எளிதில் சிக்காது. மக்கல் வாடைக்கு மூக்குதான்.

அப்புறம், எந்தப் பிடியை அரைப்பது என்ற கேள்வி. கிண்ணத்துக்குப் போவது ஒரு கரண்டித் தூள். ஒரே கட்டின் நடுவிலிருந்து உருவும் பெரியப்பா முறை இங்கே செல்லாது. பத்துக் கட்டிலாவது வெளியிலும் உள்ளேயும் எடுத்து, கலந்து, 1 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்படி அரைக்க வேண்டும். "பத்துக் கட்டைப் பிரிச்சா வியாபாரி விடுவானாடா?" என்று கேட்டார். விட மாட்டார்தான். பாதிப் பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.