பாம்ப்லெட்: துண்டுப் பிரசுரமா, சிறுநூலா?

தெருமுனையில் கையில் திணிக்கும் ஒற்றைத் தாளையும் துண்டுப் பிரசுரம் என்கிறோம். நடுவில் பின் அடித்து, கூட்ட மேடைக்குப் பக்கத்தில் விற்கும் முப்பது பக்கப் புத்தகத்தையும் அப்படியே எழுதுகிறோம். மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் ‘பாம்ப்லெட்’ என்று வந்துவிட்டால் போதும், கை தானாக இந்தச் சொல்லுக்குப் போய்விடும். அதனால் பொருள் மாறிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

பாம்ப்லெட் என்ற சொல் பிறந்த இடம் ஒரு காதல் கவிதை. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்டது. பாம்ஃபிலஸ் என்பவன் கலாத்தேயா என்ற பெண்ணை விரும்புகிறான். வீனஸ் தேவதையிடம் வழி கேட்கிறான், பிறகு ஒரு கிழவியைத் தூது விடுகிறான். கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம், ‘ஃபிலோஸ்’ என்றால் அன்புக்குரியது. ஆக, எல்லாருக்கும் பிரியமானவன் என்று அந்தப் பெயருக்குப் பொருள். கவிதையும் அப்படியே ஆனது. எண்ணூறு வரிகூட இல்லாததால் எளிதாகப் படியெடுக்க முடிந்தது, ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஈசாப் கதைகளைப் பிரெஞ்சில் ‘இசோப்பே’ என்று சுருக்கி அழைத்ததுபோல, இதையும் ‘பாம்ஃபிலெட்’ என்று செல்லமாகச் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பெயர் அளவில் சிறிய எந்த ஏட்டுக்கும் பொதுவானது. 1340களில் இங்கிலாந்தின் டரம் நகர பிஷப் ரிச்சர்ட் டி பரி, கொழுத்த குதிரைகளைவிடச் சின்னஞ்சிறு பாம்ப்லெட்டுகளே தனக்குப் பிரியம் என்று லத்தீனில் எழுதிவைத்தார். ஐரோப்பாவில் அச்சுக்கூடம் வருவதற்கு நூறு ஆண்டுகள் முந்திய பேச்சு இது!

அச்சு வந்த பிறகு மதச் சண்டையும் அரசியல் சண்டையும் இந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்க விடுதலைக்கு மக்களைத் திருப்பிய தாமஸ் பெய்னின் ‘காமன் சென்ஸ்’ 1776 ஜனவரியில் பாம்ப்லெட்டாகத்தான் வந்தது. விலை குறைவு, சீக்கிரம் அச்சாகும், சட்டைப் பையில் ஒளித்துவைக்கலாம்.

எத்தனை பக்கம் இருந்தால் பாம்ப்லெட்? 1964இல் யுனெஸ்கோ ஒரு வரையறை தந்தது. அட்டை நீங்கலாகக் குறைந்தது 5 பக்கம், கூடினால் 48. பருவ இதழாக இருக்கக் கூடாது. 49 பக்கம் என்றால் அது புத்தகக் கணக்கு. இந்த அளவுகோலைப் பிடித்தால் தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய நூலே ஒரு பாம்ப்லெட்தான். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ மொத்தம் 16 பக்கம். அதைத் துண்டுப் பிரசுரம் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பிரசுரம்’ வடசொல். ‘ப்ரசுர’ என்றால் மிகுதி, நிறைய. அதிலிருந்து பரப்புவது, வெளியிடுவது என்ற பொருள் வந்தது. அதில் பக்க அளவு எதுவும் இல்லை. முன்னால் ‘துண்டு’ சேர்த்தால் துண்டுத்தாள் என்றுதான் மனதில் படும். ஆகவே ஒற்றைத் தாளுக்குத் துண்டறிக்கை பொருத்தம்; பேச்சில் பிட் நோட்டீஸ் என்கிறோமே, அதுதான். கையேடு என்பது வழிகாட்டி நூலுக்கு உரிய சொல், அதை இங்கே இழுக்க வேண்டாம். சிற்றேடு தவறில்லை, ஆனால் விளம்பர மடிப்பேட்டுக்கும் அதைப் புழங்குகிறார்கள்.

நான் சிறுநூல் என்பேன். நன்னூல் பாயிரம் நூல் என்ற பெயருக்கு இழையை வைத்தே விளக்கம் சொல்கிறது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு நூல் சுற்றும் கதிர். பாம்ப்லெட்டின் உறவுக்காரச் சொல்லான ‘ப்ரோஷூர்’ பிரெஞ்சில் தைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. அட்டை கட்டாமல் தாள்களை நூலால் தைத்துத் தந்ததால் அந்தப் பெயர். ஆக, இழை இரண்டு மொழியிலும் இருக்கிறது. கட்சிகளும் இயக்கங்களும் ‘சிறுவெளியீடு’ என்று அச்சிடுகின்றன, அதுவும் தெளிவான சொல்தான். ஆனால் பெய்னின் எழுத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘சிறுநூல்’ என்று போட்டால் படிப்பவர் கண்முன் ஒரு புத்தகம் வரும், காற்றில் பறக்கும் நோட்டீஸ் வராது.