டெஸ்ட் பாஸ், தேதி ஃபெயில்

பைத்தானில் வரைபடம் வரையும் மென்பொருளான மேட்பிளாட்லிப்புக்குத் தேதி என்று ஒன்று கிடையாது, எல்லாம் எண்தான். நாம் கொடுக்கும் தேதியையும் நேரத்தையும் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நாள் என்று தசம எண்ணாக்கி அச்சில் வைத்துவிட்டு, லேபிள் எழுதும்போதுதான் அதைத் திரும்பத் தேதியாக்கும். 2020-இல் வந்த 3.3 பதிப்புக்கு முன்பு இந்தக் கணக்கு கி.பி. 1-ஆம் ஆண்டிலிருந்து ஓடியது. அதனால் இன்றைய தேதியே ஏழு லட்சத்தைத் தாண்டிய எண்ணாக இருந்தது, 64 பிட் என்ற அளவான இடத்துக்குள் அதை எழுதியபின் தசமத்துக்கு மிஞ்சிய இடத்தில் சுமார் 10 மைக்ரோசெகண்டுக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியவில்லை.

சரி, இந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்றை எழுதச் சொன்னால் பலரும் எழுதுவது இதுதான்: தேதியை எண்ணாக்கு, எண்ணைத் தேதியாக்கு, இரண்டும் ஒன்றா என்று பார். எனக்கு இந்த டெஸ்ட்டில் நம்பிக்கையே இல்லை. போகும்போது தப்பாக ஐந்தரை மணி கூட்டி, வரும்போது தப்பாக அதையே கழித்தால் டெஸ்ட் ஜம்மென்று பாஸ் ஆகும். 1970 ஜனவரி 2, யுடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) நண்பகல் என்றால் விடை 1.5 வர வேண்டும் என்று எண்ணையே எழுதி வைத்தால்தான் தப்பு மாட்டும்.

"அண்ணா, எல்லாம் பச்சையா இருக்கே, இன்னும் என்ன பார்க்கணும்?" என்று பெங்களூரு டீமில் தமிழ்ப் பையன்கள் கேட்பதுண்டு. எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று பார் என்பேன். டெஸ்ட்டில் எல்லோரும் மதியம் 12 மணியைத்தான் போடுகிறார்கள். ஆனால் இங்கே நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் நடுவில் யுடிசியில் முந்தைய தேதிதான் ஓடிக்கொண்டிருக்கும், டைம்ஸோனைக் கோட்டைவிட்ட கோட் ஒரு நாள் பின்னால் போவது அந்த நேரத்தில் மட்டுமே தெரியும். இன்னொன்று, அச்சில் குறிக்கோடு எங்கே விழவேண்டும் என்று பார்க்கும் லொக்கேட்டர் யுடிசியிலும் லேபிள் எழுதும் ஃபார்மேட்டர் இந்திய நேரத்திலும் இருந்தால், அச்சில் 6:30, 7:30, 8:30 என்று அரை மணிகளாகவே வரும். லண்டனில் குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இது கண்ணில் படவே படாது.

நமக்குப் படாததும் உண்டு. இந்தியாவில் கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை, ஆகவே நம் நேரத்தில் மட்டும் ஓட்டிய டெஸ்ட்டுக்கு ஒவ்வொரு நாளும் 24 மணிதான். லண்டனில் 2023 மார்ச் 26 அன்று 1:30 மணி என்ற ஒன்றே வரவில்லை, அக்டோபர் 29 அன்று அதே 1:30 இரண்டு முறை வந்தது. அச்சில் அடுத்த நாளின் குறிக்கோட்டுக்கு 24 மணி கூட்டும் கோட் அங்கே ஒரு மணி நேரம் சறுக்கும். இந்த இரண்டு நாளும் இல்லாத டெஸ்ட்டை நான் அப்ரூவ் செய்வதில்லை.

பழைய டெஸ்ட்களில் பைடீஸட் (டைம்ஸோன்களைக் கையாளும் பைத்தான் தொகுப்பு) வந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்திய டைம்ஸோனின் பெயரான ஏஷியா/கொல்கத்தாவை நேராக டேட்டைமில், அதாவது பைத்தானின் தேதி-நேர மதிப்பில், ஒட்டினால் 5:30 வராது, கொல்கத்தாவின் அந்தக்கால உள்ளூர் நேரமான 5 மணி 53 நிமிடம் வந்து உட்காரும். லோக்கலைஸ் என்ற அதன் ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும்.

படத்தோடு படத்தை ஒப்பிடும் டெஸ்ட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துரு மென்பொருளின் பதிப்பு மாறினாலே பிக்சல் மாறும் என்று கொஞ்சம் வித்தியாசத்தை அனுமதிப்பார்கள், அந்தச் சலுகையில் லேபிளில் 26 என்பது 25 ஆனதும் நழுவிவிடலாம். லேபிளின் எழுத்துகளையே எடுத்து ஒப்பிடச் சொல்லிவிட்டு, அப்புறம் டைம்ஸோன் வரியை வேண்டுமென்றே அழித்து ஓட்டிப் பார்ப்பேன். அப்போதும் பாஸ் என்று வந்தால் டெஸ்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.